வெளிநாட்டுல யூத மாணவர்கள் ஹோஸ்ட் ஃபேமிலியோட தங்குறது: எப்படி நடக்குது, எங்க இடிக்குது

படிக்கவோ வாலன்டியர் வேலைக்கோ வெளிநாடு போற யூத மாணவர்களப் பத்தி 2023 அக்டோபர்ல இஸ்ரேல்-ஹமாஸ் போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நியூஸ்ல அடிக்கடி வருது, அதுல ஹோஸ்ட் ஃபேமிலி, கேப் இயர், மாசா, ஷின்ஷின்னு என்னென்னவோ வார்த்தை வருது, படிக்கிறவங்களுக்கு எது எதுன்னு புரியல. ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது. ஹாஸ்டல் இருக்கும்போது ஏன் ஒரு குடும்பத்தோட வீட்டுல போய்த் தங்கணும்? அப்புறம், யூதப் பையன ஒரு யூத வீட்டுல விட்டுட்டா வேலை முடிஞ்சுதே, இதுல என்ன பெரிய ஏற்பாடு?

ரெண்டாவது கேள்வியில இருக்கிற நினைப்புதான் நிறைய பேர மாட்டிவிடுது. ஒரே மதம்னு சொல்லிட்டா ஒரே மாதிரி வாழ்க்கைன்னு ஆகாது. அந்த வீட்டு அடுப்படி எப்படி நடக்குது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்க என்ன ஆகுது, ஜெப ஆலயத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கணும், இந்த மூணுலதான் ஒரு மாணவனோட மொத்த வருஷமும் நிம்மதியா போகுதா இல்லையான்னு முடிவாகுது.

யார் எங்க போறாங்க

எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுப் பேசுறதாலதான் பாதிக் குழப்பம். நாலு வகையாப் பிரிச்சுக்கலாம்.

1. இஸ்ரேல்லேர்ந்து வெளிய போறவங்க. ஸ்கூல் முடிச்ச 18 வயசுப் பசங்க ராணுவத்துக்குப் போறத ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டு சேவை வேலை செய்யலாம், அந்த சேவை வருஷத்துக்கு ஹீப்ரூல ஷ்னாத் ஷெருத்னு பேரு, செய்யுறவங்கள ஷின்ஷின்னு கூப்பிடுறாங்க. நிறைய பேர் இத இஸ்ரேலுக்குள்ளயே செய்யுறாங்க, கொஞ்சம் பேர ஜூயிஷ் ஏஜென்சிங்கற யூத அமைப்பு அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி நாடுகள்ல இருக்கிற யூத சமூகங்களுக்கு அனுப்புது. அங்க யூதப் பள்ளிக்கூடம், ஜெப ஆலயம், இளைஞர் குழுன்னு வேலை செய்யுறாங்க, தங்குறது உள்ளூர்க் குடும்பங்களோட வீட்டுல.

2. வெளியேர்ந்து இஸ்ரேல் போறவங்க. அமெரிக்கா, பிரிட்டன், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியால ஸ்கூல் முடிச்சுட்டு காலேஜுக்கு முன்னாடி ஒரு வருஷம் போறது, இதுதான் கேப் இயர். ஆர்த்தடாக்ஸ் பசங்க, அதாவது மதச் சட்டத்தக் கண்டிப்பாக் கடைப்பிடிக்கிற பிரிவு, யெஷிவால படிப்பாங்க, பொண்ணுங்க செமினரில, ரெண்டுமே மத நூல் படிக்கிற இடம். மத்தவங்க வாலன்டியர் வேலை, இன்டர்ன்ஷிப், ஹீப்ரூ கத்துக்குற உல்பான்னு போவாங்க. இப்படிப்பட்ட நீண்ட கால ப்ரோகிராம்களுக்கு ஆதரவு தர 2004ல ஆரம்பிச்ச அமைப்புதான் மாசா. இவங்கள்ல பெரும்பாலானவங்க வார நாள்ல ஹாஸ்டல்ல இருப்பாங்க, வார இறுதி, பண்டிகைக்குத்தான் குடும்ப வீடு.

3. இஸ்ரேல்ல குடும்பம் இல்லாம அங்க ராணுவத்துல சேருறவங்க, லோன் சோல்ஜர், அதாவது தனியாள் சிப்பாய்னு சொல்றாங்க. இவங்க மாணவர் இல்ல, ஆனா "தத்தெடுத்த குடும்பம்"ங்கற ஏற்பாடு இவங்களுக்கும் இருக்கு. கிபுட்ஸ்ங்கற கூட்டு வாழ்க்கைக் கிராமத்துல வேலை செய்யப் போன வெளிநாட்டு வாலன்டியர்களுக்கும் இதே மாதிரி ஒரு கிபுட்ஸ் குடும்பத்த ஒதுக்குற வழக்கம் பல இடத்துல இருந்துச்சு.

4. சாதாரண எக்ஸ்சேஞ்ச் ப்ரோகிராம்லயோ மொழி கத்துக்கவோ போயி, யூதர் இல்லாத வீட்டுல தங்குற யூத மாணவர்கள். நியூஸ்ல இவங்க வர்றதே இல்ல, ஆனா சிக்கல் அதிகமா வர்றது இங்கதான்.

பர்த்ரைட்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, அத இதோட சேக்காதீங்க. அது வெளிநாட்டு யூத இளைஞர்கள் இஸ்ரேலுக்குப் போற பத்து நாள் டூர், குரூப்பா ஹோட்டல்ல தங்குவாங்க.

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல

விருந்தாளிய வீட்டுக்குள்ள சேத்துக்குறது யூத மதத்துல ஒரு கடமை, அதுக்கு ஹக்னாஸத் ஓர்ஹிம்னு பேரு. ஆபிரகாம் வெயில் நேரத்துல கூடார வாசல்ல உக்காந்திருந்தப்ப மூணு பேர் வந்தாங்க, ஓடிப்போய் வரவேத்தாருன்னு ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்துல இருக்கிற கதைதான் இதுக்கு முன்மாதிரி. விருந்தோம்பல் தெய்வத்தோட சன்னிதிய வரவேற்கிறத விடப் பெருசுன்னு தால்முத்ங்கற பழைய யூத மத நூல் சொல்லுது.

ஆனா மாணவர் விஷயத்துல இந்தக் கடமை எப்பவும் அழகா நடக்கல, அதயும் சொல்லணும். கிழக்கு ஐரோப்பால யெஷிவால படிச்ச ஏழைப் பசங்க திங்கக்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடுன்னு சாப்பிட்டாங்க, நம்ம பக்கம் ஒரு காலத்துல படிக்கிற பசங்க வாரச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி அப்படியே. இத்திஷ் மொழியில இதுக்கு எஸ்ஸென் டெக்னு பேரு. ஏழு நாளைக்கும் வீடு கிடைக்கலன்னா மிச்ச நாள் பட்டினிதான், கிடைச்ச வீட்டுலயும் முகம் சுளிச்சுப் போடுற சோறா இருக்கலாம். இந்த அவமானம் மாணவனுக்கு வேண்டாம்னுதான் 1803ல வொலோஜின்ல, இப்ப பெலாரஸ்ல இருக்கிற ஊர், ரப்பி (யூத மதகுரு) ஹயீம் ஆரம்பிச்ச யெஷிவா ஊர் ஊரா ஆள் அனுப்பி நன்கொடை திரட்டி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச்சு. யெஷிவா உலகத்துல அது ஒரு பெரிய திருப்பம்.

இன்னொரு நினைவு இத விட வலிக்கிறது. 1938 டிசம்பர்லேர்ந்து 1939 செப்டம்பர்ல போர் ஆரம்பிக்கிற வரைக்கும் நாஜிகள் கையில இருந்த பகுதிகள்லேர்ந்து கிட்டத்தட்ட 10,000 குழந்தைகள பிரிட்டனுக்குக் கொண்டு வந்தாங்க, கிண்டர்ட்ரான்ஸ்போர்ட்னு சொல்றது அதத்தான். பெரும்பாலும் யூதக் குழந்தைங்க, பெத்தவங்க கூட வரல, நிறைய பேர் அதுக்கப்புறம் அவங்களப் பாக்கவே இல்ல. யூத வீடுகள் போதாம பல குழந்தைங்க கிறிஸ்தவக் குடும்பங்கள்ல வளந்தாங்க. உயிரக் காப்பாத்தினாங்க, அதுக்கு ஈடே கிடையாது, ஆனா தன்னோட மொழி, பிரார்த்தனை, பண்டிகை எல்லாம் சில குழந்தைங்களுக்கு மறந்தே போச்சு. பிரான்ஸ்ல போர் முடிஞ்ச அப்புறம் ஃபினாலி சகோதரர்கள்னு ரெண்டு யூதச் சிறுவர்கள, அவங்கள மறைச்சு வச்சுக் காப்பாத்தின வளர்ப்புத் தாயே ஞானஸ்நானம் கொடுக்க வச்சுட்டு சொந்தக்காரங்ககிட்ட திருப்பித் தர மறுத்தாங்க, 1953ல தான் அந்த வழக்கு முடிஞ்சு பசங்க சொந்தக்காரங்ககிட்ட போனாங்க. இந்த நினைவு இருக்கிற ஒரு சமூகம் "எம்புள்ள யார் வீட்டுல தங்கப் போறான்"னு துருவித் துருவிக் கேக்குறத பிடிவாதம்னு சொல்லக் கூடாது.

அடுப்படி: எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்குற இடம்

கோஷர்ங்கறது யூத மத உணவு விதி. கோஷர்னா பன்றி சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பன்றியும் இறால், நண்டும் கூடாதுங்கறது முதல் படி மட்டும்தான். மீன்னா துடுப்பும் செதிலும் இருக்கணும். இறைச்சிய முறைப்படி பயிற்சி எடுத்தவர் அறுத்திருக்கணும். இறைச்சியும் பாலும் ஒண்ணாச் சேரவே கூடாது, ஒரே தட்டுல மட்டும் இல்ல, ஒரே சட்டி, ஒரே கரண்டியிலயும் கூடாது. கண்டிப்பாக் கடைப்பிடிக்கிற வீட்டுல ரெண்டு செட் பாத்திரம் இருக்கும், பல வீட்டுல ரெண்டு சிங்க்கே இருக்கும். இறைச்சி சாப்பிட்டா பால் குடிக்க பலர் 6 மணி நேரம் காத்திருப்பாங்க, ஜெர்மன் வழி வந்தவங்க 3 மணி நேரம், டச்சு வழக்கம் 1 மணி நேரம்.

பாத்திரம் தான் முக்கியமான பாயிண்ட். சூட்டுல சமைச்சா உணவோட சுவைய பாத்திரம் உள்ள இழுத்துக்கும்னு மதச் சட்டம் பாக்குது, அதனால "நல்லா தேய்ச்சுக் கழுவிட்டேன்"னு சொன்னா அது போதாது. ஹோஸ்ட் அம்மா ஆசை ஆசையா கோஷர் கோழியே வாங்கி வந்து, தன்னோட வழக்கமான சட்டியில சமைச்சு வச்சாங்கன்னா அந்த மாணவனால அதச் சாப்பிட முடியாது, சொல்லவும் முடியாது, ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டம். யார் மேலயும் தப்பில்ல, முன்னாடியே பேசல, அதுதான்.

சைவ வீடுன்னா பிரச்சினை இல்லன்னு நம்ம ஆளுங்களுக்குச் சட்டுனு தோணும். பாதிதான் சரி. இறைச்சியும் பாலும் கலக்குற தொல்லை அங்க இல்ல, ஆனா சீஸ்ல மிருகத்துலேர்ந்து எடுத்த ரென்னெட், பால உறைய வைக்கிற பொருள், இருக்கலாம், ஒயின்ல தனி விதி இருக்கு, கீரை, காலிஃப்ளவர்ல பூச்சி இருக்கான்னு பாத்துப் பாத்து சுத்தம் பண்ணணும். கண்டிப்பானவங்களுக்கு அடுப்பப் பத்த வைக்கிறதுலயாவது ஒரு யூதரோட கை இருக்கணும். அதனால மாணவனே வந்து கேஸ பத்த வச்சுட்டுப் போறது சில வீட்டுல தினசரி வழக்கமாவே ஆகிடும், கேக்க வினோதமா இருந்தாலும் அது நல்லாவே நடக்குது.

யூதர் இல்லாத வீட்டுல வழி இருக்கு, ரொம்பச் செலவும் இல்ல:

1. மாணவனுக்குன்னு புதுசா ஒரு சட்டி, ஒரு வாணலி, கத்தி, கரண்டி, தட்டு. வேற யாரும் தொடாம ஒரு அலமாரியில வச்சுடணும்.
2. ஓவன்ல சூடு பண்ணணும்னா அலுமினியம் ஃபாயில்ல ரெண்டு சுத்து இறுக்கிச் சுத்தி வைக்கலாம்.
3. பாக்கெட் உணவுல கோஷர் முத்திரை இருக்கணும், அமெரிக்கால ஓயூ முத்திரை ரொம்பப் பரவலா இருக்கு.
4. வெட்டாத பழம், பச்சைக் காய், சமைக்காத முட்டை எல்லா வீட்டுலயும் ஓகே.

ஆனா மேல சொன்னது எல்லா மாணவருக்கும் பொருந்தாது. சிலர் பன்றி மட்டும் தவிர்ப்பாங்க, சிலர் வீட்டுக்குள்ள கோஷர் வெளிய எதுவும் ஓகே, சிலர் எதையும் பாக்குறதே இல்ல. கேக்காம முடிவு பண்ணக் கூடாது, ரெண்டு பக்கமும்.

வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை

ஷபாத், யூதர்களோட வாராந்திர ஓய்வு நாள், கிட்டத்தட்ட 25 மணி நேரம். 39 வகை வேலைகள் தடைன்னு மதச் சட்டம் வகுத்திருக்கு, இன்னைய வாழ்க்கையில அது என்னவா வருதுன்னா லைட் சுவிட்ச் போடக் கூடாது, போன் தொடக் கூடாது, கார்ல போகக் கூடாது, சமைக்கக் கூடாது, எழுதக் கூடாது. முன்னாடியே பத்த வச்ச ஹாட் ப்ளேட்ல சாப்பாட்ட சூடா வச்சுக்கலாம், டைமர் போட்டு லைட் எரிய விடலாம்.

நேரம்தான் முதல் தலைவலி. மெழுகுவர்த்திய சூரியன் மறைய 18 நிமிஷத்துக்கு முன்னாடி ஏத்துறது பொது வழக்கம், ஜெருசலேம்ல 40 நிமிஷம். லண்டன்ல டிசம்பர்ல இது மூணரை மணி வாக்குல வந்துடும், அதாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளாஸ் முடியறதுக்குள்ள மாணவன் வீட்டுக்குக் கிளம்பியாகணும். ஜூன்ல ராத்திரி ஒன்பது மணி ஆகும், டின்னர் முடிய நள்ளிரவு. இது தெரியாத ஒரு குடும்பம் "ஏன் இந்தப் பையன் ஒவ்வொரு வாரமும் வேற வேற நேரத்துல ஓடுறான்"னு முழிக்கும்.

ரெண்டாவது, சாவி. இத யாருமே முன்கூட்டி யோசிக்க மாட்டாங்க. ஷபாத் அன்னிக்கு வீட்டுக்குள்ளேர்ந்து தெருவுக்கு எந்தப் பொருளையும் தூக்கிட்டுப் போகக் கூடாது, சாவியக் கூட. எரூவ்னு ஒரு ஏற்பாடு இருந்தா தப்பிச்சுக்கலாம், கம்பம், கம்பி, சுவர்னு ஒரு பகுதியச் சுத்தி எல்லை போட்டு அத ஒரே வளாகமாக் கணக்கு வைக்கிறது. வடமேற்கு லண்டன்ல 2003லேர்ந்து அப்படி ஒண்ணு இருக்கு. அது இல்லாத ஊர்ல சாவிய பெல்ட்டோட ஒரு பாகமாவே மாட்டிக்கிட்டுப் போவாங்க, இல்ல நம்பர் திருப்புற மெக்கானிக்கல் பூட்டு இருந்தா நல்லது. கார்டு காட்டித் திறக்கிற எலக்ட்ரானிக் பூட்டு, ஆள் வந்தா தானா எரியுற லைட் இதெல்லாம் கண்டிப்பான மாணவனுக்கு நிஜமான தடை, வீட்டு வாசல்ல மழையில நிக்க வேண்டி வரும்.

மூணாவது, தூரம். கார் கிடையாதுன்னா ஜெப ஆலயம் நடக்குற தூரத்துல இருக்கணும், பண்பான அருமையான குடும்பம் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தா பிரயோஜனம் இல்ல. அப்புறம் லைட்டப் போடுங்கன்னு ஹோஸ்ட்கிட்ட நேரடியாக் கேக்கவும் அவன் தயங்குவான், மத்தவங்கள வச்சு அந்த வேலையச் செய்ய வைக்கிறதுக்கும் கட்டுப்பாடு இருக்கு. ஹோஸ்ட் தன் தேவைக்குப் போட்ட லைட்ல அவன் உக்காந்து படிக்கலாம். பையன் இருட்டுல உக்காந்திருந்தா கோபத்துல இல்ல, இதுதான் காரணம்.

இஸ்ரேல்ல கேப் இயர் பசங்களுக்கு ஷபாத் வேற மாதிரி. பல இடத்துல சில வாரம் ஹாஸ்டலே மூடிடும், எல்லாரும் எங்கயாவது போய்த்தான் ஆகணும், சொந்தக்காரங்க, அப்பாவோட பழைய ஃப்ரெண்டு, ரப்பி வீடு, இல்ல பேரே தெரியாத ஒரு குடும்பம். முன்பின் தெரியாத பத்துப் பேர டேபிள்ல உக்கார வச்சு சோறு போடுற குடும்பங்கள் ஜெருசலேம்ல நிறைய இருக்கு, காசு வாங்குறது கிடையாது. ஆனா கூச்ச சுபாவம் உள்ள ஒரு 18 வயசுப் பொண்ணுக்கு வாரா வாரம் போன் பண்ணி "உங்க வீட்டுக்கு வரலாமா"ன்னு கேக்குறது எவ்வளவு கொடுமைன்னு நடத்துறவங்க யோசிக்கணும், அத மாணவர் தலையில கட்டக் கூடாது, ஒரு நிரந்தரக் குடும்பத்த ஒதுக்கித் தர்றது இன்ஸ்டிட்யூஷனோட வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

யூத வீடா இருந்தாலும் இடிக்கும்

1. அரிசிப் பிரச்சினை. பெசாஹ் (பஸ்கா) பண்டிகைல புளிச்ச மாவுப் பண்டம் எதுவும் கூடாது, இது எல்லாருக்கும் பொது. ஆனா ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாஸி யூதர்கள் அரிசி, பருப்பு வகைகளயும் தவிர்ப்பாங்க, மொராக்கோ, ஈராக் மாதிரி இடத்துலேர்ந்து வந்த பல குடும்பங்கள், இவங்கள ஸெஃபார்தின்னு சொல்றாங்க, அரிசி சாப்பிடுவாங்க. நியூயார்க்லேர்ந்து வந்த பொண்ணு இஸ்ரேல்ல ஒரு ஸெஃபார்தி வீட்டுல பெசாஹ் விருந்துக்கு உக்காந்தா டேபிள்ல பாதிய அவ தொட முடியாது, ரெண்டு பேருமே கண்டிப்பானவங்களா இருந்தும்.

2. ஒரு நாளா ரெண்டு நாளா. பெசாஹ் இஸ்ரேல்ல 7 நாள், வெளிய 8 நாள். ஒரு வருஷத்துக்கு மட்டும் வந்த மாணவர் தன் ஊர் கணக்குப்படி கூடுதல் நாளக் கடைப்பிடிக்கணும்னு பல ரப்பிகள் சொல்றாங்க, வேண்டாம்னு சொல்றவங்களும் உண்டு. அதனால ஹோஸ்ட் வீட்டுல பண்டிகை முடிஞ்சு டிவி ஓடும், கார் எடுப்பாங்க, அதே வீட்டு ரூம்ல மாணவன் இன்னும் பண்டிகைல இருப்பான்.

3. மத அளவு. ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ், ஆர்த்தடாக்ஸ்னு பிரிவுகள் இருக்கு, இஸ்ரேல்ல மதம் பாக்காத யூதர்கள் ரொம்ப அதிகம். டெல் அவீவ்லேர்ந்து போற ஷின்ஷின்கள்ல பலர் சொந்த ஊர்ல ஜெப ஆலயத்துக்கு வழக்கமாப் போனதே இல்ல, அமெரிக்கால ஒரு குடும்பம் வாரா வாரம் கூட்டிட்டுப் போகும், அங்க பெண் ரப்பி கிட்டார் வாசிச்சுப் பிரார்த்தனை நடத்துறதப் பாத்து திகைச்சுப் போவாங்க. இதுக்கு நேர் எதிரா, கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ் மாணவனுக்கு கோஷர் பாக்காத யூத வீட்ட விட, தயாரா இருக்கிற யூதர் இல்லாத வீடு சுலபமா இருக்கலாம், ஏன்னா அங்க "நாங்களும் யூதர்தானே, எங்க சாப்பாடு உனக்கு ஆகாதா"ங்கற வருத்தம் வராது.

4. ஆண் பெண் விதிகள். சொந்தமில்லாத ஆணும் பெண்ணும் மூடின அறையில தனியா இருக்கக் கூடாதுன்னு ஆர்த்தடாக்ஸ் வழக்கம். அம்மா வெளியூர் போயிருந்தா, அப்பா மட்டும் இருக்கிற வீட்டுல செமினரிப் பொண்ணு தங்க மாட்டா. கை குலுக்காததும் இதே வகைதான், மரியாதைக் குறைவு இல்ல.

ஷின்ஷின் விஷயத்துல இன்னொண்ணு. ஒரே குடும்பத்துக்குப் பாரமாக் கூடாதுன்னு வருஷத்துல சில மாசத்துக்கு ஒரு தடவ வீடு மாத்துறது பொதுவான ஏற்பாடு. சமூகத்துல பல குடும்பம் பழகும், நல்லதுதான், ஆனா ஒரு வீட்டோட சத்தம், பழக்கம் பிடிபடுற நேரத்துல பெட்டி கட்டணும். அதோட சாப்பாட்டு மேஜையில ஒவ்வொரு ராத்திரியும் இஸ்ரேல் அரசியலுக்கு 18 வயசுப் பிள்ளையிடம் விளக்கம் கேக்குறாங்க. அவங்க அங்க தூதர் இல்ல, வேலை முடிஞ்சு களைச்சு வந்த பிள்ளைங்க, கதவச் சாத்திட்டு தூங்க விடணும்.

சட்டம், பாதுகாப்பு

அமெரிக்கால ஜே-1ங்கற எக்ஸ்சேஞ்ச் விசால ஹைஸ்கூல் மாணவரா வர்றவங்களுக்கு ஹோஸ்ட் ஃபேமிலி காசு வாங்கக் கூடாது, வீட்டுல இருக்கிற 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் குற்றப் பின்னணி சோதனை உண்டு, வீட்டையும் நேர்ல பாப்பாங்க. இங்கிலாந்துல 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை நெருங்கின சொந்தமில்லாத வீட்டுல 28 நாளோ அதுக்கு மேலயோ தங்கினா உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவிக்கணும். பிரச்சினை எங்கன்னா, ஒரு நாள் ரெண்டு நாள் ஷபாத் விருந்துக்கு இப்படி எந்த முறையான சோதனையும் பெரும்பாலும் கிடையாது, தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு போறதுதான். நல்ல மனசு இருக்கிற இடத்துல சோதனை எதுக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க, நான் அத ஏத்துக்கல. யார் வீட்டுக்கு யார் போறாங்கன்னு ஒரு பொறுப்பான ஆள்கிட்ட எழுத்துல இருக்கணும்.

போர் வந்தா

ஹமாஸ் இஸ்ரேலத் தாக்கின 2023 அக்டோபர் 7 ஒரு சனிக்கிழமை, இஸ்ரேல்ல அன்னிக்கே ஸிம்ஹாத் தோராப் பண்டிகையும். மதம் கடைப்பிடிக்கிற வீடுகள்ல போன் அணைஞ்சு கிடந்துச்சு, சைரன் கேட்டுத்தான் ஏதோ நடக்குதுன்னு தெரிஞ்சுது. வெளிநாட்டுல அந்தப் பண்டிகை ஞாயிறு ராத்திரி வரைக்கும் நீண்டுச்சு, அதனால ஆர்த்தடாக்ஸ் பெத்தவங்க பலரும் போன எடுக்காத நேரம் அது. உயிர் ஆபத்துன்னா ஷபாத்த மீறலாம், மீறணும்னே மதச் சட்டம் சொல்லுது, ஆனா ஆபத்துன்னு தெரிஞ்சாத்தானே மீற முடியும்? 2025 ஜூன் 13ல ஈரானோட சண்டை ஆரம்பிச்சு வான்வழி மூடினப்பவும் வெளிநாட்டு இளைஞர்கள் மாட்டிக்கிட்டாங்க, பர்த்ரைட்ல வந்தவங்கள்ல ஒரு பெரிய குழுவ கப்பல்ல சைப்ரஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

இதனால ஹோஸ்ட் வீட்டப் பத்தின கேள்விகள் மாறிடுச்சு. 1991 வளைகுடாப் போருக்கு அப்புறம் இஸ்ரேல்ல புதுசாக் கட்டுற வீடுகள்ல மமாத்னு ஒரு கான்கிரீட் பாதுகாப்பு அறை கட்டாயம், பழைய கட்டடத்துல அது இருக்காது, பொதுப் பதுங்கிடத்துக்கு ஓடணும். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போற இஸ்ரேலியப் பிள்ளைங்களுக்குக் கவலை வேற, தெருவுல கிப்பா (யூத ஆண்கள் தலையில வைக்கிற சின்னத் தொப்பி) போடலாமா, ஹீப்ரூல சத்தமாப் பேசலாமா, ஜெப ஆலய வாசல்ல காவல் இருக்கா. ஊருல அண்ணன் போர்முனையில இருக்க, இவங்க இன்னொரு நாட்டுல குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தாங்க, அந்தக் குற்ற உணர்ச்சியத் தாங்கிப் பிடிச்சது பல வீட்டுல ஹோஸ்ட் அம்மாக்கள்தான்.

பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி பேச வேண்டியது

1. "நீ மதம் பாப்பியா"ன்னு கேக்காதீங்க, அதுல பதில் கிடைக்காது. "எங்க சட்டியில சமைச்சத சாப்பிடுவியா, வெள்ளிக்கிழமை ராத்திரி போன் எடுப்பியா"ன்னு கேளுங்க.
2. ஜெப ஆலயத்துக்கு நடக்க எத்தனை நிமிஷம், எரூவ் இருக்கா, வாசல் பூட்டு என்ன வகை.
3. வருஷத்துப் பண்டிகைத் தேதி எல்லாம் ஒரு காலண்டர்ல. யோம் கிப்பூர் அன்னிக்கு 25 மணி நேரம் தண்ணிகூட இல்லாத விரதம், அந்த நாள்ல பரீட்சை வந்தா ஸ்கூல்கிட்ட முன்னாடியே சொல்லியாகணும்.
4. கோஷர் சாமான் விலை கூட, அந்தக் கூடுதல் செலவு யாரோடது.
5. ஷபாத் நேரத்துல அவசரம்னா பெத்தவங்க எந்த நம்பருக்குக் கூப்பிடணும், அந்த போன எடுக்கப் போறது யாரு. மதம் பாக்காத ஒரு பக்கத்து வீட்டுக்காரரோ ப்ரோகிராம் ஆளோ, பேரோட முடிவு பண்ணி ரெண்டு வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயும் எழுதி ஒட்டிடணும்.
6. ஒத்து வரலன்னா யார்கிட்ட சொல்றது, எத்தனை நாளுக்குள்ள வேற வீடு கிடைக்கும். மாணவன் மட்டும் இல்ல, ஹோஸ்டும் இதக் கேக்கலாம், கேக்கணும்.